காற்று ஒடித்த குலையும் வாக்குத்தத்த அட்டையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27. அரசுத் தேர்வு இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்ச மதிப்பெண்ணில் கைநழுவிப் போயிருக்கிறது. அப்புறம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்து 600 மூடு ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்திருக்கிறார். குலை தள்ளி, காய் திரண்டு, வெட்ட மூன்று வாரம் இருந்தபோது ஒரு ராத்திரிக் காற்றில் பாதிக்கு மேல் ஒடிந்துவிட்டது. கடன் அப்படியே நிற்கிறது. புதுவருட ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது அந்த வருடத்துக்கென்று எடுக்கிற வேத வசன அட்டையில், இருந்தது எரேமியா 29:11, கடவுளின் நினைவுகள் தீமைக்கல்ல என்கிற வசனம். சபையில் ஒரு பெரியவர், "உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான்" என்று சொல்லிவிட்டாராம்.

அவருடைய கேள்வி இதுதான்: "இக்கட்டில் கர்த்தர் பெலன் தருவார் என்கிறீர்கள். அந்தப் பெலன் எப்படி வரும்? நம்புவது என்றால் நான் என்னதான் செய்ய வேண்டும்? காற்றை அனுப்பியதும் அவர்தானே?"

கடைசியில் போகிற போக்கில் எழுதியதுபோல் இன்னொரு வரி. "சில ராத்திரி, காலையில் விழிக்காமலே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது."

தம்பி, நான் போதகர் இல்லை. கருங்கல் பக்கம் பள்ளிக்கூடத்தில் 31 வருடம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். போதகர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் என்னைப் பிரசங்கம் பண்ணச் சொல்வார்கள், அவ்வளவுதான். தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதற்கெல்லாம் அப்புறமும் நேரம் இருக்கிறது.

அந்த நினைப்பை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் நல்லது. இதற்கும் விசுவாசத்துக்கும் சண்டை இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிறவனை யாரும் அவிசுவாசி என்று சொல்வதில்லை.

இந்த நினைப்பு வந்ததற்காகக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். எலியா தீர்க்கதரிசிக்கே வந்தது. முதலாம் ராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கி, ஊரே பார்க்க ஜெயித்த மனுஷன், அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே உயிருக்குப் பயந்து ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறார். அடுத்து நடப்பதைத்தான் நம் பிரசங்கிகள் அவசரமாகத் தாண்டிப் போவார்கள். ஒரு தூதன் வருகிறான். "எலியாவே, உன் விசுவாசம் எங்கே" என்று கேட்கவில்லை. வசனம் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து சாப்பிடு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் திட்டு இல்லை. தூதன் இரண்டாவது தடவையும் வந்து, பிரயாணம் வெகுதூரம், சாப்பிடு என்கிறான். அந்தச் சாப்பாட்டின் பெலத்தில்தான் 40 நாள் ஓரேப் மலை வரைக்கும் நடக்கிறார்.

கடவுள் பேசுவது அதற்குப் பிறகுதான். முதலில் அடை, தண்ணீர், தூக்கம், திரும்பவும் அடை.

இதை நான் பிரசங்கப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு 38 வயது இருக்கும்போது ஒரு சொந்தக்காரனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் ஊரைவிட்டே போய்விட்டான். கடன் கொடுத்தவர்கள் என்னைப் பிடித்தார்கள். நான்கு வருடம் சம்பளத்தில் பிடித்தம். கையில் வந்த மீதியில் பால் கணக்குக்கும் பிள்ளைகள் ஃபீஸுக்கும் எது முதலில் என்று தினமும் ஒரு தீர்ப்பு. அதைவிடப் பெரிய அவமானம், ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். அம்மா ஜெபம் பண்ணுவார்கள். என் முறை வரும்போது வாயைத் திறந்தால் ஒன்றும் வராது. சில மாதம் அப்படியே போனது. வசனத்தை மட்டும் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒருநாள் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேலவீட்டு அக்கா ஒரு மண்சட்டியை வாழை இலையால் மூடிக் கொண்டுவந்தார்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்தது, சாளைக் கறி. கிழங்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, கறியில் காந்தாரி மிளகாய் மணம். அக்கா ஜெபக் கூட்டத்துக்கெல்லாம் போகிற ஆள்தான், நினைத்திருந்தால் பத்து வசனம் சொல்லியிருக்கலாம். சொன்னது இவ்வளவுதான்: "மொதல்ல இதத் தின்னுங்க சாரே, பொறவு பாக்கலாம்." நான் தின்று முடிக்கும் வரைக்கும் தூணில் சாய்ந்து நின்றுவிட்டு, சட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு ராத்திரிதான் பல நாளுக்குப் பிறகு தூங்கினேன்.

கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடம் போக முடிந்தது.

உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான் தம்பி. பெலன் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மட்டும்தான் வருகிறது. மொத்தமாக, வருடக் கணக்குக்கு, கையில் எடுத்து வைத்துக்கொள்ளும்படி வருவதில்லை. இஸ்ரவேலருக்கு மன்னாவும் அப்படித்தான் விழுந்தது. மறுநாளுக்கு என்று எடுத்து வைத்தவர்களுக்குப் புழுத்துப் போனது, ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மட்டும் விலக்கு. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் கேட்பதும் அன்றாட அப்பம்தான். அது வருகிற வழியும் நாம் எதிர்பார்க்கிற வழி இல்லை. நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம், அது மேலவீட்டிலிருந்து சட்டியில் வரும்.

உங்கள் ஊர்ப் பக்கம் ரப்பர் அதிகம். பால் வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார்கள். பேராசைப்பட்டு ஓய்வே கொடுக்காமல் வெட்டினால் கொஞ்ச காலத்தில் பால் நின்று பட்டை காய்ந்துபோகும். காற்று அடித்த அன்றிலிருந்து நீங்கள் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் தூக்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். ராத்திரி 2 மணிக்குப் போடுகிற கடன் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும்.

சரி, விசுவாசம் போதாது என்று சொன்ன பெரியவருக்கு வருவோம்.

அவர் சொன்னது புதுசு இல்லை. வேதத்தில், ஒரே நாளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் சொன்னதுதான். ஆரம்பத்தில் அவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. நீ எங்கேயோ தப்பு பண்ணியிருக்கிறாய், இல்லாவிட்டால் இப்படி நடக்குமா என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார்? 42-ஆம் அதிகாரம் பாருங்கள். சிநேகிதர்கள்மேல்தான். அவர் பக்கம் நின்று வாதாடியவர்களைத் தள்ளிவிட்டு, அவரோடு சண்டை போட்ட யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். பெரியவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டாம், சபையில் மனஸ்தாபம் எதற்கு. உங்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

யோபு கதைக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நட்டாலம் உங்களுக்கு அவ்வளவு தூரம் இல்லை. அங்கே 1712-இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலையில் இருந்தவர். ஒரு கட்டத்தில் அவருக்கு அடிமேல் அடி. மாடுகள் செத்தன, விளைச்சல் போனது. வாடின முகத்தோடு இருந்தவரைப் பார்த்து என்ன விஷயம் என்று விசாரித்தவர் டிலனாய் என்ற டச்சுப் படைத்தலைவர். அவர் யோபுவின் கதையை எடுத்துச் சொன்னார் என்றுதான் இங்கே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இதில் இரண்டு விஷயம் எனக்குப் பெரிதாகப் படும். ஒன்று, ஆறுதல் சொன்ன ஆள் யார் என்பது. டிலனாய் 1741-இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டவர். குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறதே, அது அவருடைய தோல்விக்கு நிற்கிற தூண். தன்னைத் தோற்கடித்த மன்னருக்கே படை பயிற்றுவிக்கிற வேலையில் இருந்தார். ஊருக்குத் திரும்பவே இல்லை. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும். ஜெயித்துக்கொண்டே வந்த ஒருவர் யோபு கதையைச் சொல்லியிருந்தால் நீலகண்ட பிள்ளை காது கொடுத்துக் கேட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கடினமானது. யோபு கதையின் முடிவில் எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கிறது. ஆடு 14,000, ஒட்டகம் 6,000 என்று கணக்கே கொடுத்திருக்கிறது. நீலகண்ட பிள்ளைக்கு அந்தக் கடைசி அதிகாரம் நடக்கவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார். 1749-இல் பிடித்துப்போய்ச் சிறை வைத்தார்கள். மூன்று வருடம் சித்திரவதை. 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம். 2022 மே 15-இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது நம் ஊரில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். லாசர் என்பதற்குத் தமிழில் தேவசகாயம். கடவுளின் உதவி. செத்த மாடு திரும்பாத, விடுதலையும் கிடைக்காத ஒருவருக்கு அந்தப் பெயர்.

ஆக, நம்பினால் வாழை நிமிரும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், ஆரல்வாய்மொழிக்கு ஒரு தடவை போய் வரச் சொல்லுங்கள். நம்பினதால் அந்த மனிதருக்குக் கிடைத்தது வேறு எதுவோ. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தில் அவர் முழங்கையால் இடித்த இடத்தில் தண்ணீர் வந்தது என்பது ஐதிகம். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் சி.எஸ்.ஐ.க்காரன், அதாவது புராட்டஸ்டன்ட், எங்களுக்குப் புனிதர்களை வணங்குகிற வழக்கம் இல்லை. ஆனால் அங்கே போய் நிற்கும்போது ஒன்று கவனித்தேன். ஐதிகப்படியே பார்த்தாலும் சங்கிலி அறுந்து விழவில்லை. அவருக்குக் கிடைத்தது குடிக்கத் தண்ணீர், அவ்வளவே.

இனி உங்கள் வாக்குத்தத்த அட்டை.

எனக்கு இந்த வழக்கத்தில் விரோதம் இல்லை. டிசம்பர் 31 ராத்திரி கோவிலில் வரிசையில் நின்று, தட்டிலிருந்து ஓர் அட்டை எடுத்து, என்ன வந்திருக்கிறது என்று பக்கத்து ஆளுக்குக் காட்டுகிற சந்தோஷம் சின்ன வயதிலிருந்து எனக்கும் உண்டு. ஒரே சங்கடம், அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று நிற்கும். அதற்கு மேலே 10-ஆம் வசனம் அட்டையில் இல்லை. பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகு என்று அதில் இருக்கிறது. 70 வருஷம்! அந்தக் கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். எல்லாம் இழந்து, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அந்த ஊரில் பொய்த் தீர்க்கதரிசிகளும் இருந்தார்கள். சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

5-ஆம் வசனமும் அட்டையில் இல்லை. உங்களுக்கு அதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. தோற்றுப்போன ஊரிலேயே, பிடிக்காத மண்ணிலேயே தோட்டம் போடச் சொல்கிறார். அதே அட்டையில் உங்களுக்கு ஒரு விவசாய ஆலோசனையும் ஒளிந்திருந்தது தம்பி. ஏத்தன் நட்டால் பத்துப் பதினோரு மாதத்தில் குலை. 70 வருஷ வாக்குத்தத்தத்துக்கு நடுவில் எத்தனை போகம் வாழை வெட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தேர்வு விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. உச்சியைத் தொடாமல் திரும்பி வந்த ஒருவரின் கதை நம் நெய்யூரில் இருக்கிறது. டாக்டர் சோமர்வெல். இங்கிலாந்துக்காரர், அறுவை மருத்துவர், மலையேறி. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் சுமை தூக்க வந்த 7 பேர் இறந்தார்கள். சோமர்வெல்லும் அந்தச் சரிவில் அகப்பட்டு உயிர் தப்பியவர். அந்தப் பாரம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. அதன் பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தெற்கே வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். வெளியே கூட்டம் கூட்டமாக நோயாளிகள், உள்ளே வேலைப் பளுவில் திணறுகிற ஒரு மருத்துவர். இங்கேயே வேலைக்கு வருவது என்று தீர்மானித்தார்.

1924-இல் மறுபடியும் எவரெஸ்ட். பிராணவாயு உருளை இல்லாமல் 28,000 அடிக்குப் பக்கத்தில் போனபோது தொண்டை அடைத்துவிட்டது. கூட வந்த நார்ட்டனை முன்னால் போகச் சொல்லிவிட்டு இவர் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டனும் கொஞ்சத் தூரத்தில் திரும்பினார். இறங்கும்போது சோமர்வெல்லுக்கு மூச்சே நின்றது. குளிரில் வெந்துபோன தொண்டைச் சதை உரிந்து உள்ளே அடைத்துக்கொண்டது. முன்னால் போகிற நண்பரைக் கூப்பிடக் குரல் இல்லை. பனியில் உட்கார்ந்து, முடிந்தது என்றே நினைத்திருக்கிறார். கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி ஓர் அழுத்து, ரத்தத்தோடு அடைப்பு வெளியே வந்தது. மூச்சு வந்தது. எழுந்து இறங்கினார்.

அங்கிருந்து அவர் திரும்பி வந்தது நெய்யூருக்கு. 20 வருடத்துக்கு மேல் இங்கே அறுவைச் சிகிச்சை செய்தார். என் அப்பாவின் தலைமுறையில் "சோமர்வெல் தொட்டால் பிழைச்சுக்கும்" என்று சொல்கிற கிழவர்கள் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் அந்த மனுஷன் எந்த மலையில் எத்தனை அடியில் நின்றுபோனார் என்பது தெரியாது. நீங்கள் இரண்டு தேர்வில் எத்தனை மதிப்பெண்ணில் நின்றீர்கள் என்பதும் அப்படித்தான். தேர்வை இன்னொரு தடவை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் இரண்டாவது தடவை ஏறத்தான் செய்தார்.

அடுத்து, நம்புவது என்றால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி.

ஒன்று, முறையிடுங்கள். நம் சபைகளில் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லிக் கொடுத்த அளவுக்கு முறையிடச் சொல்லிக் கொடுக்கவில்லை. சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் நிறைய முறையீடுதான். 13-ஆம் சங்கீதம், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்றே ஆரம்பிக்கும். 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டு, சமாளிப்பாக ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் முடிந்துவிடும். ஜெபம் வராத அந்த மாதங்களில் நான் குடும்ப ஜெபத்தில் வாசித்தது அந்த மாதிரிச் சங்கீதங்களைத்தான். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சந்தோஷமான சங்கீதம் ஒன்னும் இல்லையா" என்பார்கள். எனக்கு ஆச்சரியம், இதை யாரோ வேதத்துக்குள் வைக்க அனுமதித்திருக்கிறார்களே என்று. கோபமாகப் பேசினாலும் அவரிடம்தானே பேசுகிறோம். பேச்சை நிறுத்தினால்தான் உறவு போகும், வீட்டில் அண்ணன் தம்பிக்குள் அப்படித்தானே.

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் பதிக்கு, அதாவது அய்யாவழிக் கோவிலுக்கு, போகிற ஒரு நண்பர் என்னோடு ஆசிரியராக இருந்தார். அவர் வேறு மாதிரி சொல்வார். "நாங்க பதிக்குள்ள தலைப்பாகை கட்டிட்டுத்தான் போவோம். உள்ளே கண்ணாடி. நொடிஞ்சு போயி வந்தாலும் தலையில கட்டோட நம்ம மூஞ்சிய நாமளே பாக்கணும்." வைகுண்டரையும் திருவனந்தபுரத்தில் சிறை வைத்துத்தான் அனுப்பினார்கள். நான் அழலாம் என்கிறேன், அவர் நிமிர்ந்து நில் என்கிறார். எனக்கென்னவோ இரண்டும் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது, அழுகை முதலில்.

இரண்டு, கடவுளிடம் கேட்டுவிட்டோம் என்று மனிதர்களிடம் கேட்காமல் இருக்காதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று அந்தக் கடற்கரை முழுக்கக் கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக்கொண்டு நின்றது. கோவில்களில் ராத்திரி பகலாக ஜெபமாலை. அதே ஜனங்கள் டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஜெபம் பண்ணியவர்கள் ஏன் மறியல் பண்ணுகிறார்கள் என்று அப்போது ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டும் ஒரே கூப்பாடுதானே. பலர் திரும்பவே இல்லை. அந்த வீடுகளில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கையைப் பற்றி அவர்களுக்கு நான் ஒன்றும் பாடம் நடத்த முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: ஒடிந்த வாழையை அகற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர்ச் சேத மனு கொடுங்கள். தோட்டக்கலை அலுவலகத்துக்கும் ஒரு நகல். பயிர்க் காப்பீடு போட்டிருந்தால் ரசீதைத் தேடி எடுங்கள். கடன் கொடுத்த இடத்துக்கு அவர்கள் கூப்பிடுவதற்கு முன்பு நீங்களே போய் நிலைமையைச் சொல்லித் தவணை கேளுங்கள். ஒளிந்துகொண்டால் வட்டியும் பயமும் சேர்ந்து ஏறும், நான் ஒளிந்து பார்த்தவன். இந்தக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். அடிக்கன்று நன்றாக இருந்தால் விலைக்குக் கேட்டு ஆள் வரும். இதெல்லாம் ஆவிக்குரிய காரியம் இல்லை என்று யாராவது சொன்னால் சிக்லாக் என்ற ஊரில் தாவீதுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் எரிந்து, பெண்டு பிள்ளைகள் சிறைப்பட்டுப் போனபோது தாவீது அழ பெலன் இல்லாமல் போகும்வரை அழுதான், கர்த்தருக்குள் தன்னைத் திடப்படுத்திக்கொண்டான், அடுத்த வேலையாக அவர்களைப் பின்தொடரலாமா என்று விசாரித்தான். எல்லாம் ஒரே அதிகாரத்துக்குள்.

காற்றை அனுப்பியது யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. எலியாவின் அதே அதிகாரத்தில், மலைகளைப் பிளக்கிற பெருங்காற்று அடித்த இடத்தில், "அந்தக் காற்றிலே கர்த்தர் இருக்கவில்லை" என்று ஒரு வரி வருகிறது. அதை ஓர் உபதேசமாக நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். காற்று அவர் வார்த்தையைச் செய்கிறது என்று சங்கீதத்திலும் இருக்கிறதே. உங்கள் 600 மூட்டில் பாதி ஏன் ஒடிந்தது, பக்கத்து விளையில் ஏன் நின்றது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. வாழைத்தண்டு மரம் இல்லை, வெறும் பட்டைச் சுருள். தலையில் குலை பாரம் ஏறின நேரத்தில் காற்று வந்தால் ஒடியும். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். எலியாவிடம் பேசினது காற்றுக்கெல்லாம் பிறகு வந்த மெல்லிய சத்தம். அதுவும் காரணம் சொல்லவில்லை. இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டது, போய்ச் செய்ய வேண்டிய மூன்று வேலையைச் சொன்னது, தனி ஆள் என்று நினைக்காதே, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்றது.

நடுவில் ஒரு இடத்தில், அடுத்த மாதம் உங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை, எல்லாரும் விளைந்ததைக் கொண்டுவரும்போது நான் எந்த முகத்தோடு போவேன் என்று எழுதியிருந்தீர்கள். போங்கள். ஒடிந்ததில் திரண்ட காயாக ஒரு குலையைத் தேர்ந்து கொண்டுபோய் மற்றவர்கள் வைக்கிற இடத்திலேயே வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். ஒக்கி வந்த வருடம் எங்கள் சபையில் மூன்று பேர் அப்படிக் கொண்டுவந்தார்கள். காணிக்கையாக வந்ததை ஏலம் விடுகிறவர் முதல் குலையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். வழக்கமாக அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

எந்தச் சபை, எந்த ஞாயிறு என்று எழுதுங்கள். கருங்கலிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன். ஏத்தன் பச்சைக்காய் வறுவலுக்கு ஆகும், வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏலத்தில் என்னைத் தாண்டி யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.